பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் பதினோரு நாள்

ஆனைமலை போகும் ரோட்டில் எங்கள் தென்னந்தோப்புக்குள் ஒரு பஸ் நிற்கிறது. பழைய கல்லூரி பஸ். ஆர்.சி.யை ரத்து செய்து, இன்ஜினையும் கழற்றிய பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. ஒறம்பரை வந்தால் தங்குவதற்கு ஓர் அறை வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடு சரிந்து கிடந்த பழைய சாளையை எடுத்துக் கட்டுவதைவிட இது மலிவு என்று மச்சான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் கணக்கில் பஸ் டாப்பு வரவில்லை.

உள்வேலை எல்லாம் அழகாகவே முடிந்தது. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஜன்னலுக்குக் கொசுவலை. மேலேதான் அவசரப்பட்டேன். சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் விளக்குமாற்றால் டாப்பைக் கூட்டி, தகடு சேரும் இடமெல்லாம் சிலிக்கானை இழுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வெள்ளை எனாமல் அடித்து முடித்துவிட்டேன். கீழே நின்று பார்த்தால் முட்டை ஓடு மாதிரி இருந்தது. ஆனியில் சாரல் இறங்கிய நான்காம் நாள் மெத்தை நனைந்தது. ஐப்பசிக்குள் பெயிண்ட் அப்பளம் அப்பளமாகக் கிளம்பி, காற்றடிக்கும்போது தோப்புக்குள் பறந்தது. மாட்டுத் தண்ணித் தொட்டியில்கூட மிதந்தது.

இரண்டாவது முறை, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் பதினோரு நாள் போனது. அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பது வருசம் பெயிண்டராக இருந்துவிட்டு, இப்போது பொள்ளாச்சியில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். ஏணியில் ஏறியவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சிலிக்கானின் ஒரு முனையை நகத்தால் நெம்பினார். ரப்பர் கயிறு மாதிரி மூன்றடி நீளத்துக்குக் கையோடு வந்தது. அதைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். தூசி, பழைய பெயிண்டின் மாவு, நடுவில் ஒரு எறும்பு.

“ஏனுங் தம்பி, இது தகட்டுல ஒட்டவே இல்லீங்க. தூசியில ஒட்டியிருக்குது.”

அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது என்பது. சிலிக்கான் உள்ள இடத்தில் மட்டுமல்ல, அதன் எண்ணெய்ப் பிசுக்கு பரவிய இடத்திலும் பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகிக்கொள்ளும். அப்படியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு இன்னும் பரவும். அதனால் முதலில் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், அப்புறம் தின்னர், கடைசியில்தான் உப்புத்தாள். தின்னருக்கு இரண்டு துணி: ஒன்றில் நனைத்துத் துடைத்தால், ஈரம் காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றி வைக்கிறோம், அவ்வளவுதான். அரை நாளில் பூசிய சிலிக்கானை எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆனால் சுரண்டத் தொடங்கும் முன்பே அவர் ஒரு காரியம் செய்யச் சொன்னார். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார். சொட்டும் இடத்தை நேர்மேலே பார்த்து அடைப்பதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்தது. பஸ் டாப்பில் அது பலிக்காது. மேல்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. மேலே நுழைந்த தண்ணீர் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து, ஆறடி தள்ளி, உள்தகட்டில் எங்கே ஒரு திருகாணி இருக்கிறதோ அங்கே இறங்கும்.

அதனால் உள்தகட்டில் நான்கைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஹோஸைப் போட்டுப் பார்த்தோம். ஹோஸை முதலிலேயே உச்சியில் பிடித்தால் தண்ணீர் எல்லா இணைப்பிலும் வழிந்து ஓடும், எது ஓட்டை என்று தெரியாது. தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் பத்து நிமிடம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். மச்சான் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டு, ஈரம் தெரிந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டான். சாயங்காலம் எண்ணினால் பதினேழு வட்டம். நான் சிலிக்கானைக் கொட்டி அடைத்திருந்த இடத்துக்கு நேராக அதில் நான்குதான் இருந்தன.

மீதியில் பாதிக்கு மேல் ரிவிட்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ரிவிட் என்றால் அடைத்துக்கொண்ட ஆணி என்றுதான் நினைத்திருந்தேன். பாப் ரிவிட் உண்மையில் ஒரு குழாய். நடுவில் உள்ள கம்பியை ரிவிட் கன் இழுத்து முறிக்கும். முறிந்த கம்பியின் தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும். பத்துப் பதினைந்து வருசம் பஸ் குலுங்கி ஓடிய பிறகு அந்தத் தலை கழன்று விழுந்துவிடுகிறது. அப்புறம் நாலு மில்லிமீட்டர் ரிவிட்டின் நடுவே சின்னதாக ஒரு துளை, வானத்தைப் பார்த்துக்கொண்டு. மத்தியானம் உள்ளே இருட்டாக்கிவிட்டு மேலே பார்த்தபோது, கழற்றிய இடங்களில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாள் நட்சத்திரத்துக்குக் கீழேதான் படுத்திருக்கிறோம்.

ஆடுகிற ரிவிட்டுகளை எல்லாம் டிரில் போட்டு எடுத்துவிட்டு, நாலு மில்லி இருந்த இடத்தில் 4.8 மில்லி ரிவிட் போட்டோம். அடிமுனை மூடிய ரிவிட் என்று ஒன்று உண்டு, அதில் இந்தத் துளையே கிடையாது. கோயமுத்தூரில் தேடி வாங்கினேன். போடும்போதே துளையைச் சுற்றி ஒரு சொட்டு சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, வைத்துப் போட வேண்டும், மேலே பூசுவதைவிட அதுதான் நிற்கும். ஆடாத பழைய ரிவிட்டுகளை அப்படியே விட்டு, தலைமேல் மட்டும் பொட்டு வைத்தோம். எண்ணிக்கொண்டே வந்தேன், அறுநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, என் புத்திக்கு எட்டவே எட்டாதது. எங்கள் பஸ்ஸில் முன்தகடு மேலேயும் பின்தகடு அடியிலேயும் வருகிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடித்திருக்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி, எதிர்க்காற்று தண்ணீரை இணைப்பின் மேலே தள்ளிக்கொண்டு பின்னால் போய்விடும். நாங்களோ பஸ்ஸின் பின்பக்கத்தை மேற்கே பார்த்து நிறுத்தியிருந்தோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் கீழே விழாது, படுத்துக்கொண்டு வரும். அது நேராகத் தகட்டின் வாய்க்குள் போயிருக்கிறது. போதாததற்கு, தரையும் முன்பக்கம் தாழ்ந்திருந்தது. டாப்பில் விழுந்த மழை அத்தனையும் பின்னாலிருந்து முன்னால் ஓடி, ஒவ்வொரு இணைப்பிலும் வாயைத் தேடிப் போய் நின்றிருக்கிறது.

“பஸ்ஸை ரிவர்ஸ்லயே நாலு மாசம் மழையில ஓட்டுன மாதிரி ஆச்சுங்க” என்றார் பெரியவர்.

இன்ஜின் இல்லாத பஸ்ஸைத் திருப்பி நிறுத்த வழியில்லை. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் கட்டைகளைக் கொடுத்து, பின்பக்கம் மூன்று அங்குலம் தாழ்கிற மாதிரி ஆக்கினோம். அந்த ஒரு மணி நேர வேலை, என் கணக்கில், பத்து டியூப் சீலன்ட்டுக்குச் சமம். பஸ் வாங்கிப் போடப்போகிறவர்கள், லாரி கிரேனில் இறக்கும் அன்றைக்கே டாப்பில் ஏறி, தகட்டின் வாய் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

தகடு என்ன தகடு என்பதற்கு ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, அனேகமாக ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது ஃபைபர். எங்களுடையதில் நடுவெல்லாம் ஜி.ஐ., முன்னும் பின்னும் வளைந்த பாகம் ஃபைபர். இடையில் ஒரு இடத்தில் மட்டும் யாரோ அலுமினியத் துண்டை வைத்து இரும்பு ஆணியால் முடுக்கியிருந்தார்கள். ஆணியைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்து, அலுமினியம் சல்லடையாகியிருந்தது. இரண்டு உலோகம் ஈரத்தோடு சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அதை எடுத்துவிட்டு ஜி.ஐ. துண்டே வைத்தோம். வெல்டிங் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஜி.ஐ.யின் துத்தநாகம் எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், சுற்றியுள்ள துத்தநாகமும் போய் அங்கிருந்தே துருப்பிடிக்கும். சீலன்ட் வைத்து ரிவிட் அடித்த ஒட்டு போதும்.

கேரியரைக் கழற்றிய இடத்தில் 24 போல்ட் ஓட்டை. அதற்கும் அதே ஒட்டுதான்.

முன்பு இருந்தவர்கள் இரண்டு இடத்தில் தாரை உருக்கி ஊற்றியிருந்தார்கள். தார் ஒழுக்கை நிறுத்தும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால், பெயிண்டில் உள்ள தின்னர் தாரைக் கரைத்து மேலே இழுத்துவிடும். காப்பிக் கறை மாதிரி மஞ்சளாக ஊறி வரும், எத்தனை கோட் அடித்தாலும் வரும். காலை வெயில் ஏறுவதற்கு முன், தார் இறுகி இருக்கும்போது உளியால் தட்டினால் சில்லு சில்லாக வருகிறது. மத்தியானம் தொட்டால் கையோடும் வரும், காலோடும் வரும்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் துரு பயப்படும்படி இருக்காது. ஸ்குரூ டிரைவரின் பின்புறத்தால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும், போன இடம் தொப்பென்றும் கேட்கும். தொப்பென்ற இடத்தைக் குத்தினால் உள்ளே போகும், அதை வெட்டி எடுக்காமல் எதைப் பூசியும் பயனில்லை. மேலோட்டமான துருவுக்கு ஒயர் பிரஷ், அப்புறம் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அதை நன்றாகக் கழுவிவிட வேண்டும், அமிலம் மீந்திருந்தால் மேலே வரும் எப்பாக்ஸி பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, பிடிக்காது. கிரைண்டரை மட்டும் நல்ல ஜி.ஐ. பக்கம் கொண்டுபோகாதீர்கள், துத்தநாகத்தையே உரித்துவிடும். அங்கே 180 நம்பர் உப்புத்தாள் போதும், பளபளப்பு மங்கினால் சரி. பழைய பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் பிரைமர் தெரிந்தால் தண்ணீர் விட்டுத் தேய்க்கவும், மாஸ்க்கும் போடவும். அது பெரும்பாலும் ஜிங்க் குரோமேட், அதன் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பெரியவர் முப்பது வருசம் முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் தேய்த்தவர். அவர் இருமும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் முதல் பெயிண்ட் ஏன் அப்பளமாக உரிந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எண்ணெய் எனாமலை ஜி.ஐ. மேல் நேராக அடித்தால் துத்தநாகத்தோடு சேர்ந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகிவிடும். பெயிண்ட் நிற்பது தகட்டின் மேல் அல்ல, சோப்பின் மேல். அதற்குத்தான் இடையில் எப்பாக்ஸி பிரைமர், இரண்டு டப்பாவைக் கலந்து அடிப்பது.

பிரைமருக்கு முன் சுத்தம் போதுமா என்று பார்க்க அவர் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கழுவி முடித்த தகட்டில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றினார். ஒரு பக்கம் தண்ணீர் கண்ணாடிபோல் ஒரே பரப்பாக நின்றது. பின்பக்கம் ஹேட்ச் (டாப்பிலுள்ள திறந்து மூடும் கதவு) ஓரத்தில் மட்டும் சேம்பிலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக உருண்டது. உருளும் இடத்தில் எண்ணெய் இருக்கிறது. சிலிக்கான் இருந்த இடம். மறுபடி தின்னர், மறுபடி இரண்டு துணி, மறுபடி ஒரு சொம்பு. மூன்றாம் தடவைதான் பரப்பாக நின்றது.

பிரைமர் காய்ந்த பிறகுதான் சீலன்ட். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். வெறும் தகட்டில் சீலன்ட் போட்டால் அதன் ஓரத்தில் துரு அடியோடு புகுந்து தூக்கிவிடும். பிரைமர் மேல் போட்டால் தகடும் மூடியிருக்கும், பிடிப்பும் இருக்கும். வாங்க வேண்டியது பியூ சீலன்ட், அதாவது பாலியூரித்தேன். மேலே பெயிண்ட் அடிக்கலாம் என்று டியூபிலேயே எழுதியிருக்கும்.

எதற்கு ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட், கல்லாக இறுகும் பட்டியோ எப்பாக்ஸி பேஸ்ட்டோ போட்டால் என்ன என்று மச்சான் கேட்டான். அதற்குக் கணக்கு உண்டு. எங்கள் டாப்பு 11 மீட்டர். விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் தகட்டின் சூடு 40 டிகிரி கூடினால், இரும்பு 5 மில்லி நீளும். அலுமினியம் என்றால் 10 மில்லி. தினமும் நீண்டு தினமும் சுருங்குகிறது. கல்லாக இறுகியது எதுவும் அங்கே விரியும். ஃபைபரும் தகடும் சேரும் இடத்தில் இரண்டும் வேறு வேறு அளவில் நீளும், அதனால் தொல்லை அங்கே இரண்டு மடங்கு.

அளவுக்கும் ஒரு கணக்கு. 10 மில்லி அகலம், 5 மில்லி கனம் என்று இழுத்தால் 300 மில்லிலிட்டர் டியூப் 6 மீட்டர் வரும். எங்களுக்குக் குறுக்கு இணைப்பு ஏழு, ஒவ்வொன்றும் 2.7 மீட்டர், இரண்டு பக்க ஓரமும் 11 மீட்டர். மொத்தம் 41 மீட்டர், ஏழு டியூப். ரிவிட் பொட்டுக்கும் ஒட்டுக்கும் மூன்று. பத்து வாங்கினேன், அரை டியூப் மிஞ்சியது. முனையைப் பெரிதாக வெட்டியதால் முதல் டியூப் நான்கு மீட்டரிலேயே தீர்ந்தது தனிக் கதை. இழுத்த பிறகு சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் தடவாதீர்கள், அந்தச் சோப்பும் பெயிண்டுக்கு எதிரிதான். தகட்டுத் துண்டால் வழித்துவிட்டால் போதும். ஹேட்ச் சட்டத்துக்கு அடியில் மட்டும் பியூட்டைல் டேப், இறுகாமல் பிசின் மாதிரியே இருக்கும் நாடா. நாளைக்குக் கழற்ற வேண்டிய சாமான் அது.

இந்தச் சீலன்ட் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் உள்வரை இறுகும். நாங்கள் செய்தது மாசியில். வறண்ட காற்று, அதனால் பெரியவர் இரண்டு நாள் தொடவிடவில்லை. வேலை நேரமும் அவர் வகுத்ததுதான். காலை எட்டரை வரை தகட்டில் பனி ஈரம், கையால் தடவினால் தெரியும். பதினொன்றுக்கு மேல் தகடு தோசைக்கல். நடுவில் கிடைப்பது இரண்டரை மணி நேரம், அப்புறம் நாலு மணிக்கு மேல் கொஞ்சம். ஆடிக் காற்றில் வேலையே வைத்துக்கொள்ளக் கூடாது, பக்கத்துக் கயிறு மில்லின் நார்த்தூசி முழுக்கப் பிரைமரில் வந்து உட்காரும்.

மேலே நடக்கும்போது சட்டம் ஓடும் ரிவிட் வரிசையின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். நடுத்தகட்டில் வைத்தால் குழி விழும், குழியில் தண்ணீர் நிற்கும். எங்களுக்குத் தேங்காய் விழுந்தே இரண்டு குழி ஏற்கெனவே உண்டு. பஸ்ஸின் மேல் சாய்ந்திருந்த மரத்தில் காய் இறக்கிவிட்டுத்தான் ஏறினோம்.

பன்னிரண்டாம் நாள் பெயிண்ட். இரண்டு டப்பா கலக்கும் வெள்ளை பியூ பெயிண்ட், ரோலரில், இரண்டு கோட். எண்ணெய் எனாமல் சில பியூ சீலன்ட்டின் மேல் காயாமலே பிசுபிசுத்து நிற்கும் என்பதால் அது வேண்டாம் என்றார். ஸ்பிரேயும் வேண்டாம் என்றார், அந்தப் பெயிண்டின் புகை மூச்சுக்கு ஆகாது. எப்பாக்ஸி பிரைமரை வெயிலில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால் மாவாகிவிடும், டப்பாவில் போட்டிருக்கும் நாளுக்குள் மேல் கோட் அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதில் விசயம்.

அடுத்த ஆனிச் சாரல் போனது, ஐப்பசி மழையும் போனது, மெத்தை நனையவில்லை. மார்கழியில் ஒருநாள் காலை அப்பா போன் செய்தார். “மறுக்காவும் சொட்டுதுடா.” மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ராத்திரி நான்கு பேர் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். அவர்கள் விட்ட மூச்சுத்தான், குளிர்ந்த தகட்டில் வேர்த்துச் சொட்டியது. ஹேட்ச்சை இரண்டு விரல் திறந்துவைத்ததும் மறுநாள் இல்லை. அன்றைக்கு மட்டும் அவசரப்பட்டு மேலே ஏறியிருந்தால் நல்ல சீலன்ட்டை நானே பிரித்திருப்பேன்.

பின்பக்க இடது மூலையில், ஃபைபரும் தகடும் சேரும் வளைவில், போன மழையில் உண்மையாகவே ஒரு ஒழுக்கு வந்துவிட்டது. அங்கே சீலன்ட்டை வளைத்து இழுக்கும்போது டியூப் தீர்ந்து, புது டியூப் மாற்றிய இடம் அது. சேர்த்த இடம் எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேர்கீழே அப்பா ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்திருக்கிறார். ஒரு ராத்திரி மழைக்குக் கால் டம்ளர் சேர்கிறது. தை பிறக்கட்டும், மூலையை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.